பந்திக்கு முந்தின சனிக்கிழமை: கல்மண்டபத்திலிருந்து காத்திவாக்கம் வரை

‘வட சென்னையில் சுற்றிப் பார்க்க என்ன இருக்கிறது?’ என்று போன பதிவின் கீழே ஒருவர் கேட்டிருந்தார். ஒன்றும் இல்லை என்ற பதிலும் அந்தக் கேள்விக்குள்ளேயே இருந்தது. நான் கல்மண்டபத்தில் பிறந்து வளர்ந்தவள். இப்போது வேலைக்காகக் கோயம்புத்தூரில் இருக்கிறேன். சினிமாவில் எங்கள் ஊரைக் காட்டினால் அரிவாளும் சாக்கடையும்தான் வரும். எங்கள் பேச்சு வந்தால் தியேட்டரே சிரிக்கும். இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு ரத்தம் கொதிக்கும் என்பதால், ஜனவரி கடைசியில் நான் போய்வந்த ஒரு சனிக்கிழமையையும் மறுநாள் ஞாயிற்றுக்கிழமையையும் அப்படியே எழுதிவிடுகிறேன். பார்க்க என்ன இருக்கிறது என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

போனதற்குக் காரணம் என் தாய்மாமா மகள் கிருபா. பதினாறு வயது. அந்த ஞாயிறு அவளுக்குத் திடப்படுத்தல் ஆராதனை. கிறிஸ்தவர் அல்லாத வாசகர்களுக்குச் சொல்லிவிடுகிறேன்: குழந்தையாக ஞானஸ்நானம் பெற்ற பிள்ளை வளர்ந்த பிறகு, தன் விசுவாசத்தைத் தன் வாயாலேயே அறிக்கையிட்டு, முதல் முறையாகத் திருவிருந்தில் அப்பமும் திராட்சரசமும் வாங்குகிற நாள் அது. ‘ராப்போஜனம்’ என்றும் சொல்வோம், பந்தி என்றும் சொல்வோம். ராயபுரத்தில் எங்கள் சபையில் அன்றைக்கு ஒரு வழக்கம் உண்டு. பிள்ளை நடுவில், அம்மா ஒரு பக்கம், அப்பா ஒரு பக்கம் என்று மூன்று பேரும் சேர்ந்து பீடத்துக்கு முன்னால் முழங்கால் போடவேண்டும்.

சிக்கல் அங்கேதான் இருந்தது. கிருபாவின் அப்பா, என் மாசிலாமணி மாமா, பதினெட்டு வருடமாகப் பந்திக்குப் போவதில்லை.

பக்தியில்லாதவர் என்று நினைத்துவிடாதீர்கள். ஞாயிறு காலை முதல் மணி அடிப்பதற்கு முன்பே வெள்ளைச் சட்டையில் வந்துவிடுவார். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து முதல் பெஞ்சுக்குக் கேட்கிற மாதிரி பாடுவார். திருவிருந்து ஜெபம் ஆரம்பிக்கிற நேரம் பார்த்து எழுந்து வெளியே போய்விடுவார். எங்கள் சபையில் செருப்பைக் கேட்டுக்குப் பக்கத்தில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவோம். மாமா அங்கே நின்று, இறைந்து கிடக்கிற செருப்புகளை ஜோடி ஜோடியாக அடுக்குவார். கடைசிப் பாட்டு முடிந்து வெளியே வந்தால் அவரவர் செருப்பு அவரவர் காலுக்கு நேராக இருக்கும். புதிதாக வருகிறவர்கள் அதுதான் அவருக்குச் சபை கொடுத்த வேலை என்று நினைத்துக்கொள்வார்கள். கிருபா பிறந்ததிலிருந்து பந்தி நேரத்தில் தன் அப்பாவை ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருக்கிறாள்.

கதை இதுதான். மாமா துறைமுகத்தில் கிரேனுக்குக் கை காட்டுகிற வேலையில் இருந்தவர். இளவயதில் கேரம் ஆட்டத்தில் கெட்டிக்காரர். எங்கள் பக்கம் கேரம் போர்டு இல்லாத தெரு கிடையாது. வெளிநாடு போய் ஆடி ஜெயித்தவர்கள் எங்கள் சந்துகளிலிருந்து கிளம்பியவர்கள். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகவும்தான். கொருக்குப்பேட்டையில் ஒரு மன்றத்தில் இரட்டையர் இறுதிப் போட்டி நடந்தது. மாமாவுக்குக் கூட்டாளி காத்திவாக்கத்துக் கன்னியப்பன். மீன்பிடிக்கிறவர், மாமாவின் உயிர் தோஸ்து. கடைசி போர்டில், குழியின் வாயில் நின்ற காயைக் கன்னியப்பன் தவறவிட்டார். ஸ்ட்ரைக்கரும் குழிக்குள் போய் விழுந்தது. ஆட்டம் போயிற்று. ‘துட்டு வாங்கினு விட்டுட்டான்!’ என்று மாமா அத்தனை பேர் எதிரிலும் கத்தினார். அது சனிக்கிழமை. மறுநாள் காலை, அதே கோபத்தோடு போய்ப் பந்தியில் அப்பம் வாங்கினார். செவ்வாய்க்கிழமை கப்பல் ஏணியில் வழுக்கி விழுந்து வலது கால் இரண்டு இடத்தில் முறிந்தது. இன்றைக்கும் விந்தித்தான் நடப்பார்.

மனதில் பகையை வைத்துக்கொண்டு பந்தியில் சேர்ந்தால் தண்டனை வரும் என்று சொல்லித்தான் எங்கள் வீடுகளில் பிள்ளைகளை வளர்ப்பார்கள். பந்திக்கு முன்னால் ஆயரும் அந்த எச்சரிக்கையைச் சொல்லாமல் விடமாட்டார். மாமாவுக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. ‘அடிச்சிட்டாரு’ என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு சொன்னார். இன்னொரு முறை அப்பத்தைத் தொட்டால் ஆண்டவர் தன்னை உயிரோடு விடமாட்டார் என்று முடிவுகட்டிக்கொண்டார். யார் சொல்லியும் அந்த முடிவு மாறவில்லை.

கிருபா சொல்லிப் பார்க்கவில்லை, மிரட்டினாள். ‘நீ வந்து என் பக்கத்துல முட்டி போடலன்னா நானும் போட மாட்டேன் நைனா. எழுந்து கேட்டாண்ட வந்துடுவேன். ரெண்டு பேரும் சேந்து செருப்பு அடுக்கலாம்.’

அவள் செய்யக்கூடியவள். மாமா ஆடிப்போனார். தனக்கு யார் யாரோடெல்லாம் மனத்தாங்கல் என்று யோசித்துப் பார்த்து, இரண்டு பேர்தான் என்றார். ‘ரெண்டே பேருதானா?’ என்று கிருபாவின் அம்மா ரோஸி அத்தை சிரித்த சிரிப்பு பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். ஒருவர் கல்மண்டபத்தில், இன்னொருவர் காத்திவாக்கத்தில். சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குச் சபையில், மறுநாள் பந்திக்கு மனதைத் தயார்படுத்துகிற ஆயத்த ஆராதனை. அதற்குள் இரண்டு பேரிடமும் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்து உட்கார்ந்துவிடுவது என்று திட்டம். ‘நீதான் ஊரூரா சுத்தி எய்திகினு கீறியே பாப்பா, என்கூட வா’ என்று என்னைக் கூப்பிட்டார். நானும் கிளம்பிவிட்டேன்.

கோவையிலிருந்து ரயிலில் வந்து விடியற்காலை சென்ட்ரலில் இறங்கினேன். அங்கிருந்து கல்மண்டபத்துக்கு ஆட்டோ 150 ரூபாய். பேருந்து உண்டு, ஆனால் அந்த நேரத்தில் காத்திருக்கவேண்டும். நீங்கள் வந்தால் நேராக வீட்டுக்கோ அறைக்கோ போகாமல், பையோடு காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போய்விடுங்கள். விசைப்படகுகள் வந்து கூடை கூடையாக மீன் இறங்குகிற நேரம் அது. ஏலம் விடுகிற பெண்களின் குரலுக்கு முன்னால் எந்த மைக்கும் நிற்காது. வழியில் நின்று படம் எடுக்காதீர்கள், பனிக்கட்டி வண்டி மோதிவிடும். மோதினால் திட்டும் உங்களுக்குத்தான் விழும், அதுவும் நியாயமான திட்டுதான்.

ஒன்பதரைக்கு மாமாவும் நானும் காதர் பாய் கடைக்குப் போனோம். கல்மண்டபத்தில் படகுக்கு வேண்டிய கயிறு, மிதவை எல்லாம் விற்கிற கடை. பாய் மாமாவைப் பார்த்ததும் ஸ்டூலை நகர்த்திப் போட்டார். மாமா உட்காரவில்லை.

‘பாய், உன்னாண்ட மன்னிப்பு கேக்க வந்தேன். உன் பொண்ணு கல்யாணத்துல பிரியாணில கறியே இல்லன்னு நாலு பேராண்ட சொல்லிட்டேன்.’

பாய் கையிலிருந்த கயிற்றுச் சுருளைக் கீழே வைத்தார். ‘அது நீயா? ஏழு வருசமா என் சம்பந்திதான் சொல்லிக்கீறான்னு நெனச்சிக்கினு, அந்தாளாண்ட மூஞ்சி குடுத்துப் பேசாம கீறேனே!’

மாமாவுக்கு வியர்த்துவிட்டது. மன்னிப்புக் கேட்கப் போய்ப் புதிதாக ஒரு பகையை உண்டாக்கிக்கொண்டவர் இந்த உலகத்தில் என் மாமா ஒருவராகத்தான் இருப்பார். பாய் கொஞ்ச நேரம் முறைத்தார். பிறகு போனை எடுத்துச் சம்பந்தியிடம் நலம் விசாரித்தார். எதற்கு என்று அந்தப் பக்கத்தில் குழம்பியிருப்பார்கள். போனை வைத்துவிட்டு மூன்று டீ சொன்னார்.

‘வர்ற வெள்ளிக்கிழமை வூட்டுக்கு வா மாசி. பிரியாணி போட்றேன். கறி கீதா இல்லியான்னு நீயே தோண்டிப் பாத்துக்கோ’ என்றார். இப்படித்தான் எங்கள் ஊரில் மன்னிப்பார்கள். நீங்கள் வேறு எங்கேயாவது பார்த்திருந்தால் சொல்லுங்கள்.

கல்மண்டபத்திலிருந்து திருவொற்றியூருக்கு ஷேர் ஆட்டோ, ஆளுக்கு 30 ரூபாய். தூரம் ஏறக்குறைய ஆறு கிலோமீட்டர். மெட்ரோவிலும் போகலாம், குளுகுளுவென்று போய்விடலாம். ஆனால் ஊர் தெரியாது. துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்க, அவற்றுக்கு நடுவில் இருக்கிற இடுக்குகளில் எங்கள் ஷேர் ஆட்டோக்கள் நுழைந்து போவதைப் பார்க்கவே ஒரு முறை ஏறவேண்டும். எங்கள் டிரைவர் முன்கண்ணாடிக்கு மேல் அம்மன், மாதா, பிறை மூன்றையும் ஒட்டியிருந்தார். மாமா என்னிடம் ஆண்டவரின் தண்டனையைப் பற்றி விளக்கிக்கொண்டு வந்ததை அவரும் கேட்டுக்கொண்டே வந்தார்.

‘நானும் மூணு பேருக்கும் பயந்துகினுதான் நைனா ஓட்றேன்’ என்றார். ‘ஆனா கண்டெய்னருக்குத்தான் ஜாஸ்தி பயப்படுவேன்.’

திருவொற்றியூர் தேரடியில் இறங்கினோம். அம்மன் கோயில் கோபுரத்தைப் பார்த்தபடி ஒரு சின்ன சாப்பாட்டுக் கடை. வஞ்சிரம் வறுவலோடு சாப்பாடு 180 ரூபாய், குறை சொல்ல ஒன்றுமில்லை. சாப்பிடும்போது நான் மாமாவிடம் நேராகவே கேட்டேன். இத்தனை பயத்தோடு ஒரு சாமியை எப்படிக் கும்பிடுவது, அவர் நம்மைப் பிடிக்கக் காத்திருக்கிற போலீஸ்காரரா என்று.

மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது. ‘பயம் இல்லாம இன்னா பக்தி? கிரேன்ல இருவது டன்னு தொங்கும். அதுங்கீழ எவனாவது நின்னா நானே கல்லால அடிப்பேன். அதும் மேல மரியாத இல்லாதவன் ஒரு நாளு இல்லன்னா ஒரு நாளு நசுங்கிப் பூடுவான். ஆனா பயந்துகினு தூரமா ஓடிப் பூட்டாலும் வேல நடக்காது. மேல இருக்கறவனுக்கு என் கையி தெரியணும், அவன் எனக்குத் தெரியணும். அத்தினி கிட்டக்க நின்னே ஆவணும்.’

‘அப்ப சர்ச்சுல கேட்டாண்ட நிக்கிறியே மாமா, அங்கேர்ந்து உன் கை தெரியுமா?’

விளையாட்டாகத்தான் கேட்டேன். மாமா மீன் முள்ளை இலையோரம் ஒதுக்கிக்கொண்டிருந்தார். 

திருவொற்றியூரிலிருந்து காத்திவாக்கம் இன்னொரு ஷேர் ஆட்டோ, 20 ரூபாய். ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் தொழிற்சாலைச் சுவர்கள். எண்ணூர் நெருங்க நெருங்க அனல்மின் நிலையப் புகைபோக்கிகள் பெரிதாகிக்கொண்டே வரும். இங்கே ஆறு கடலில் சேருகிற முகத்துவாரம் இருக்கிறது. அழகான இடம் என்று பொய் சொல்லமாட்டேன். தண்ணீரின் நிறம் நாளுக்கு ஒன்றாக இருக்கும், சாம்பல் படிந்த சேறு காலைப் பிடிக்கும். அந்தத் தண்ணீரில் இடுப்பளவு இறங்கி இன்றைக்கும் இறால் எடுக்கிறவர்கள் இங்கே இருக்கிறார்கள். அந்த உழைப்புக்கு முன்னால் நின்று மூக்கைப் பொத்தாதீர்கள் என்பது மட்டும் என் வேண்டுகோள்.

கன்னியப்பன் வீட்டை விசாரிக்க வேண்டியிருக்கவில்லை. மாமாவுக்கு வழி நன்றாக ஞாபகம் இருந்தது. மணி மூன்றைத் தாண்டியிருந்தது. ஆற்றோரத்தில் தார்ப்பாய் நிழலில் உட்கார்ந்து, ஒல்லியான, கறுத்த ஒருவர் வலையைப் பின்னிக்கொண்டிருந்தார். மாமா விந்தி விந்தி வருவதைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார்.

‘இன்னா மாசி, காலு இன்னும் நேராவலியா?’

 மாமா வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்ததை ஒரே மூச்சில் சொன்னார். ‘கன்னி, நாளைக்கி எம் பொண்ணுக்கு சர்ச்சுல மொத ராப்போஜனம். நானும் கூட முட்டி போடணும். உன்னாண்ட மன்னிப்பு கேக்காம அங்க போவக் கூடாது. அதான் வந்தேன்.’

‘ஓ. பொண்ணுக்கோசரம் வந்துகீற.’

‘இல்லடா. சாமிக்கு பயந்து…’

‘அது தெரியும்.’ கன்னியப்பன் வலையிலிருந்து கையை எடுக்கவில்லை. ‘நீ அங்க கேட்டாண்டயே நிக்கிறன்னு உங்காளுங்க சொல்லிக்கீறாங்க. உன் சாமிக்கு பயந்துகினு இத்தினி வருசம் அங்க நின்ன. என் வூட்டாண்ட ஒரு நாளு வந்து நின்னியா மாசி?’

பக்கத்தில் இருந்த எனக்கே முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. மாமா நின்ற இடத்திலேயே நின்றார்.

கன்னியப்பன் வலது கை ஆள்காட்டி விரலைத் தூக்கிக் காட்டினார். நகத்துக்குக் கீழே ஒரு வெள்ளைத் தழும்பு. ‘மேட்ச்சுக்கு மொத நாளு வலைல கெளுத்தி முள்ளு ஏறிட்ச்சி. வெரலு இத்தாம் பெருசு வீங்கிக்கினு இருந்திச்சி. சொன்னா நீ பேஜாராயிடுவன்னு பவுடர பூசிக்கினு குந்தனேன்.’

‘தெரியும்டா. நான் ஆஸ்பத்திரில கெடந்தப்பவே சொன்னாங்க.’

‘தெரிஞ்சும் வர்ல.’ அதைக் கன்னியப்பன் கத்திச் சொல்லவில்லை. ‘துட்டு வாங்கினவன்னு பேரு வந்தப்பறம் நான் போர்டாண்டயே குந்தறதில்ல. தெரியுமா?’

அது மாமாவுக்குத் தெரியாது. முகம் இருண்டு போயிற்று. விந்திக்கொண்டே போய்க் கன்னியப்பனுக்கு எதிரில், சேற்றிலேயே, காலை நீட்டி உட்கார்ந்துவிட்டார். ‘நான் இன்னா பண்ணணும் சொல்லு’ என்றார்.

‘எங்க சொன்னியோ அங்க போயி சொல்லு. நாலு பேரு எதிர்ல சொல்லு.’

‘சொன்னா மன்னிப்பியா?’

‘அத்த அப்பறம் பாக்கலாம். இத்த எனக்கோசரம் செய்யி. உன் சாமிக்கோசரமும் வாணாம், பொண்ணுக்கோசரமும் வாணாம்.’

அதோடு பேச்சை முடித்துக்கொண்டார். எனக்கு மட்டும் ஒரு சொம்பில் தண்ணீர் கொடுத்தார்.

காத்திவாக்கம் ரயில் நிலையத்திலிருந்து கொருக்குப்பேட்டைக்கு மின்சார ரயில் டிக்கெட் 5 ரூபாய். இன்றைக்கும் ஐந்து ரூபாய்தான், நம்புங்கள். அரை மணிக்குள் போய்விடலாம். ஆனால் மன்றத்தில் ஆள் சேருவது ஆறு மணிக்கு மேல்தான். ஆயத்த ஆராதனையும் ஆறு மணிக்கு. ஆயத்த ஆராதனைக்கு வராதவன் மறுநாள் பந்தியை நினைத்தே பார்க்கக்கூடாது என்பது மாமாவின் கொள்கை. அவர் பந்திக்குப் போகாத வருடங்களில்கூட அந்தச் சனிக்கிழமை ஆராதனையைத் தவறவிட்டதில்லை. கொருக்குப்பேட்டையில் இறங்கி, ஆள் சேரட்டும் என்று பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருந்தபோது ரோஸி அத்தை போன் செய்தார். ‘எங்க கீறீங்க? கிருபா வந்து குந்திக்கினு கீறா. மணி அடிக்கப் போறாங்க.’

மாமா போனை வாங்கி, ‘இன்னிக்கி வர்ல ரோஸி. ஒரு வேல கீது’ என்றார். 

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு என்னிடம் சொன்னார்: ‘எனக்கு அடி படக்கூடாதுன்னே பாத்துக்கினு இருந்துட்டேன் பாப்பா. அவன யோசிக்கவேயில்ல. இத்தயா சாமி பயம்னு சொல்லிக்கினு திரிஞ்சேன்?’

நான் இத்தனை வருடமும் மாமாவின் பயத்தைக் கேலி செய்தவள். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கொருக்குப்பேட்டையில் தண்டவாளத்தை ஒட்டி, சரக்கு ரயில் போனால் சுவரே அதிர்கிற இடத்தில் அந்த மன்றம் இருக்கிறது. நான்கு போர்டுகள், நான்கு தொங்கு விளக்குகள், போரிக் பவுடர் வாசனை, டி.வி.யில் கிரிக்கெட். இளைஞர்கள் நெருக்கியடித்துக்கொண்டு ஆடினார்கள். மாமா வாசலில் செருப்பைக் கழற்றினார். வழக்கம் விடவில்லை, பக்கத்தில் கிடந்த நாலைந்து ஜோடியையும் காலாலேயே நேராகத் தள்ளி வைத்தார். உள்ளே போய் நடுவில் நின்றார்.

‘எல்லாரும் ஒரு நிமிசம் ஆட்டத்த நிறுத்துங்க’ என்றார். கிரேனுக்கு அடியில் கத்திப் பழகிய குரல். ஸ்ட்ரைக்கர்கள் நின்றன. ‘நான் மாசிலாமணி. காத்திவாக்கம் கன்னியப்பன் துட்டு வாங்கினு மேட்ச்ச வுட்டான்னு இதே எடத்துல நின்னு சொன்னேன். அது பொய்யி. அவன் வெரல்ல முள்ளு ஏறி, வீங்கின கையோட எனக்கோசரம் ஆடனான். அவன் மேல ஒரு தப்பும் இல்ல. நான்தான் தப்பு.’

 ஓர் இளைஞன் மெதுவாக, ‘யாரு அங்கிள் கன்னியப்பன்?’ என்றான்.

மாமா தடுமாறிப் போனார். யாருக்கும் ஞாபகமில்லாத ஒரு குற்றத்துக்காக மன்னிப்புக் கேட்கிறோமோ என்ற சந்தேகம் எனக்கே வந்துவிட்டது. அப்போது மூலையில் நாற்காலியில் இருந்த வழுக்கைத் தலைக்காரர் ஒருவர், மன்றத்தைப் பார்த்துக்கொள்கிறவராம், எழுந்து வந்தார். ‘எனக்குத் தெரியும். அன்னிக்கு நான் இங்கதான் இருந்தேன். அவன மாரி ஒரு கை இந்த பேட்டைல கெடையாது’ என்றார். பிறகு டி.வி.யை அணைத்தார். ‘கிரிக்கெட்டு சத்தத்துல சரியா கேக்கல மாசி. இன்னொரு தபா சொல்லு.’

மாமா இன்னொரு தடவை முதலிலிருந்து சொன்னார். இரண்டாவது தடவை குரல் உடைந்தது, ஆனால் ஒரு வார்த்தையையும் விடவில்லை. வெளியில் ஒரு சரக்கு ரயில் போக ஆரம்பித்ததும், அது முழுக்கப் போகிற வரை நிறுத்திக் காத்திருந்து, மீதியையும் சொல்லி முடித்தார். இவர் என் மாமா என்று அந்தக் கூட்டத்தில் எல்லோரிடமும் சொல்லவேண்டும் போல எனக்கு இருந்தது. பக்கத்தில் நின்றவரிடம் சொல்லியும்விட்டேன்.

மறுநாள் ஞாயிறு, எட்டு மணி ஆராதனை. பேராயர் வந்து பிள்ளைகளின் தலையில் கைவைத்து ஜெபித்தார். கிருபா வெள்ளைப் புடவை கட்டியிருந்தாள், முதல் முறை கட்டியதால் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டே நடந்தாள். கன்னியப்பனிடமிருந்து ஒரு செய்தியும் வரவில்லை. மன்னித்தாரா இல்லையா என்று தெரியாது. ஆயத்த ஆராதனையும் போச்சு. மாமாவின் கணக்குப்படி பார்த்தால் அவர் இதைவிடத் தகுதியில்லாமல் என்றைக்கும் அந்தக் கோயிலில் உட்கார்ந்ததில்லை.

திருவிருந்து ஜெபம் ஆரம்பித்தது. ஆயர் அந்த எச்சரிக்கையைச் சொன்னார். மாமா எழுந்தார். நான் என் பெஞ்சிலிருந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். கதவுப் பக்கம் ஒரு முறை திரும்பினார். முன் வரிசையில் கிருபா திரும்பி உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள், எழுந்துவிடத் தயாராக.

மாமா பீடத்தைப் பார்த்து நடந்தார். கோயில் முழுவதும் அந்த விந்தல் நடையின் சத்தம் கேட்டது. ரோஸி அத்தை வாயைப் பொத்திக்கொண்டே கிருபாவோடு எழுந்து வந்து பீடத்துக்கு முன்னால் முழங்கால் போட்டார். முறிந்த கால் மடங்காது என்பதால், மாமா ஒரு முழங்காலை மட்டும் போட்டு மறு காலைப் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டார். கை இரண்டையும் ஏந்தினார். அவை நடுங்கியது பின் பெஞ்சுவரை தெரிந்தது. கிருபா தன் தோளை அவர் தோளில் முட்டுக் கொடுத்துக்கொண்டாள். ஆயர் அப்பத்தை வைத்தார், மாமா வாயில் போட்டுக்கொண்டார். அவ்வளவுதான். எனக்கு அழுகை வந்தது, அதை மறைக்கவும் நான் முயலவில்லை.

ஆராதனை முடிந்து வெளியே வந்தால் கேட்டருகில் ஒரே களேபரம். செருப்பெல்லாம் மலை மாதிரி குவிந்து கிடந்தது. ஆயரம்மா ஒரு காலில் தன் செருப்பும் மறு காலில் யாருடையதோ செருப்புமாக நின்றார். ‘இன்னாப்பா இது, எங்க மாசிலாமணி?’ என்று ஒருவர் கத்தினார். மாமா குவியலுக்குள் தேடித் தேடிப் பார்த்தார். அவருடைய செருப்பு இல்லை. யாரோ போட்டுக்கொண்டு போய்விட்டார்கள்.

‘இத்தினி வருசத்துல மொத தபா பாப்பா, என் செருப்பு காணாப் பூட்ச்சி’ என்றார். அப்படி ஒரு சிரிப்பை அவர் முகத்தில் நான் பார்த்ததில்லை.

கல்மண்டபம் வரை தார் ரோட்டில் வெறுங்காலோடு நடந்தார். ஆட்டோ வேண்டாம் என்றுவிட்டார். பயம் போய்விட்டதா என்று வழியில் கேட்டேன். ‘எங்க போச்சி? கை எப்பிடி நடுங்கிச்சின்னு பாத்த இல்ல. பயந்துகினேதான் போனேன். ஆனா போனேன்’ என்றார். கடவுளிடம் பயமும் மரியாதையும் எந்த அளவில் இருக்கவேண்டும் என்று விளக்கி எழுத எனக்குத் தெரியாது. பதினெட்டு வருடம் கேட்டில் நின்றவரின் பயமும் அன்று பீடத்தில் நடுங்கியவரின் பயமும் ஒன்றல்ல என்பது மட்டும் நன்றாகத் தெரிந்தது.

இனி, போக நினைப்பவர்களுக்கு. காசிமேட்டுக்கு விடியற்காலையிலேயே போய்விடுங்கள். ஷேர் ஆட்டோவுக்குச் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். திரும்பும்போது மின்சார ரயில்தான் நல்லது, காத்திவாக்கம் நிலையத்தில் கடை எதுவும் இல்லை, தண்ணீர் கையில் இருக்கட்டும். ஆற்றோரத்தில் வலை காய்கிற இடத்தில் மிதித்து நடக்காதீர்கள். ஒரு நாளுக்குச் சாப்பாடு, போக்குவரத்து எல்லாம் சேர்த்து ஓர் ஆளுக்கு ஐந்நூறு ரூபாய் தாராளம்.

கேரம் பிடிக்கும் என்றால் சனிக்கிழமை மாலை கொருக்குப்பேட்டை மன்றத்துக்குப் போங்கள். யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து ஆடலாம். கடைசி போர்டில் மட்டும் உட்காராதீர்கள். மார்ச் மாதத்திலிருந்து, காத்திவாக்கம் ரயிலில் வந்து இறங்குகிற, விரலில் வெள்ளைத் தழும்பு உள்ள ஒருவர் அங்கே உட்காருகிறார். அவருக்குக் கூட்டாளியாக எதிரில் காலை நீட்டிக்கொண்டு இருப்பவர் என் மாமா. உங்களைக் கதறவிட்டு அனுப்புவார்கள்.

ஞாயிறு எங்கள் சபைக்கும் தாராளமாக வரலாம். யாரையும் யாரும் ஏன் வந்தாய் என்று கேட்கமாட்டார்கள். ஒன்றே ஒன்று, புதுச் செருப்பு போட்டுக்கொண்டு வராதீர்கள். இப்போதெல்லாம் கேட்டில் அதைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை.